பல் படாமல் ஒரு விருந்து

“…குப்பையில போடுறதோ, நாலு நாள் வைச்சுச் சாப்பிடுறதோ, அது உம்மட விருப்பம். ஆனா என்ர பல்லு மட்டும் அதில படாது, சொல்லிப்போட்டன்,” என்றார் என் கணவர், பிரிஜ் கதவைப் பிடித்தபடி.

உள்ளே, பால்பெட்டிகளைத் தள்ளிவிட்டு முழுத்தட்டையும் பிடித்துக்கொண்டு கிடந்தது உப்பிட்டுப் புகையூட்டிய பன்றித்தொடை. ஜெர்மன்காரர் ஷிங்கன் என்பார்கள். மகள் கட்டப்போகிற ஜெர்மன் பொடியனின் தாய், ஈஸ்டருக்கு முதன்முதலாக எங்கள் கொலோன் வீட்டுக்கு வந்தபோது, மடியில் வைத்துக் கொண்டுவந்தது. அன்று ஆளுக்கொரு துண்டு மரியாதைக்குத் தின்றோம். கணவர் மட்டும் வயிற்றைத் தடவி, கஸ்திரிக் வருத்தம் என்று தப்பிவிட்டார்.

“தானம் குடுத்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பாக்கக் கூடாது எண்டு சொல்லுவினம்,” என்றேன். ஜெர்மன்காரர் அதையே குதிரைக்குச் சொல்வார்கள். நான் இரண்டையும் சேர்த்து வைத்திருக்கிறேன்.

“மாடு, குதிரை சரி. இது பண்டியெல்லோ.”

ஆடு, கோழி, மீன், கணவாய் எல்லாம் ஒரு வெட்டு வெட்டுகிற மனிதர். பன்றி மட்டும் வாசலுக்கு வெளியே.

புதன்கிழமை சம்பந்தியம்மா போன் எடுத்தா. மிச்சத்தை உருளைக்கிழங்கோடு அவணில் வைத்து, மேலே சீஸ் போட்டால் அருமையாக இருக்குமாம். ஞாயிற்றுக்கிழமை தானும் வந்து சாப்பிடுகிறாவாம். அவவின் தகப்பன் இறைச்சிக்கடை வைத்திருந்தவர். இன்றைக்கும் அவ ஷிங்கனை வாங்குவதில்லை, தன் கையாலேயே உப்பிட்டுப் புகைபோடுகிறா. அந்தப் பொருளை நாங்கள் அருவருக்கிறோம் என்று தெரிந்தால், மகள் அந்த வீட்டில் எந்த முகத்தோடு வாழ்வாள்? எனக்கு நித்திரை கெட்டது அதற்குத்தான்.

ஞாயிறு காலை தொடையைத் துண்டுபோட்டேன். இறைச்சி என்றால் எங்கள் கைக்கு ஒரு வேலைதான் தெரியும். மஞ்சளும் உப்பும் போட்டுப் பிசைந்து, மூன்று தண்ணீரில் கழுவி, ஆட்டிறைச்சி போல முக்கால் மணித்தியாலம் அவித்து, அந்தத் தண்ணீரையும் வெளியே ஊற்றினேன். மகள் எழும்பி வந்து பார்த்தாள்.

“அம்மா, என்ன செய்யிறியள்? அது அப்பிடியே சாப்பிடுறதெல்லோ.”

“கழுவாத இறைச்சியை ஆர் பிள்ளை சமைப்பினம்?”

“புகை போட்டதே அந்த வாசத்துக்குத்தான். அதையும் கழுவிப்போட்டியளே.”

ஒன்றை எடுத்து வாயில் வைத்தேன். மஞ்சள் பூசின பஞ்சு. இனி என்ன செய்வது? ஊர் மிளகாய்த்தூள் இரண்டு கரண்டி போட்டேன். மனம் ஆறவில்லை, இன்னுமொன்று. கிழங்கை வட்டமாய் வெட்டி அடுக்கி, கிறீம் ஊற்றி, குற்றத்தை மறைப்பதுபோல் சீஸைக் கொட்டி அவணுக்குள் தள்ளினேன். மேல்பக்கம் பொன்னிறமாய்ப் பொங்கி வந்தது. பார்வைக்குக் குறை சொல்ல ஏலாது.

சம்பந்தியம்மா முதல் வாயை மென்றா. முள்ளுக்கரண்டியை வைத்துவிட்டுச் சீஸைக் கொஞ்சம் தூக்கி, கட்டிலுக்குக் கீழே தேடுகிற மாதிரி உள்ளே பார்த்தா.

“ஷிங்கன் எங்கே?” என்று ஜெர்மனில் கேட்டா.

“அந்த மஞ்சள் துண்டுகள்தான்,” என்றேன். எங்கள் பக்கத்தில் இறைச்சியைக் கழுவாமல் அடுப்பில் ஏற்ற மாட்டோம் என்றும் சொன்னேன். பொய் சொல்ல எனக்கு ஜெர்மன் போதாது.

“கழுவினீர்களா? என்னுடையதையா?”

அவவின் கழுத்தில் சிவப்பு ஏறியது. தூளாலோ கோபத்தாலோ, எனக்குப் பிடிபடவில்லை. மகள் மேசைவிரிப்பின் பூக்களை எண்ணிக்கொண்டிருந்தாள். சம்பந்தியம்மா சாப்பாட்டுக் கோப்பையை மெல்லத் தள்ளி வைத்தா.

“உங்களுக்கு அது அசுத்தம் என்றால், முதலிலேயே சொல்லியிருக்கலாம்,” என்றா.

சரி, எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

அதுவரை கிழங்கை மட்டும் பொறுக்கித் தின்றுகொண்டிருந்த கணவர் நிமிர்ந்தார். கரண்டியை விட்டு, இருக்கிறதில் பெரிய மஞ்சள் துண்டைக் கையாலேயே எடுத்தார். வாயை அகலத் திறந்து, அதைத் தொண்டைப்பக்கம் வைத்து, காய்ச்சல் குளிசை விழுங்குவது போல ஒரு கிளாஸ் தண்ணீரோடு முழுசாக இறக்கினார். கண்ணில் தண்ணீர் வந்தது. துடைத்துக்கொண்டு, “நல்ல ருசி,” என்று ஜெர்மனில் சொல்லி, இன்னும் வேண்டுமென்று தன் கோப்பையைச் சம்பந்தியம்மாவிடம் நீட்டினார்.