முன்பக்கம் கட்டிய கொழுந்துக் கூடை

கொழுந்துக் கூடையை முதுகில் தொங்கவிடுவதுதான் எங்கள் தேயிலைத் தோட்டத்து வழக்கம். அதை வயிற்றுப் பக்கம் தொங்கவிட்டு, கயிற்றைத் தலைக்குப் பதில் கழுத்துக்குக் கொடுத்து, இரண்டு கையிலும் துணி சுற்றிய குச்சிகளோடு ரோட்டில் லெஃப்ட் ரைட் போட்டவள் நமுனுகுல மலையடியில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அப்போது எனக்குப் பதினைந்து வயது. பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நடந்து வருபவள் என் மதினி. தாய்மாமன் மகள், என்னைவிட இரண்டு வயது மூத்தவள். கொழுந்து நிறுக்கப் போகும் பெண்கள் எங்களைக் கண்டால் நின்றுவிடுவார்கள். "என்னா புள்ள, ஒனக்கு மட்டும் கொழுந்து வயித்துப் பக்கம் மொளைக்குதா?" என்று ஒருத்தி கேட்பாள். எனக்கு மானம் போகும். மதினி திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள். "அவங்க சிரிக்கட்டும். நீ கால மாத்தாத" என்பாள்.

பதுளையில் நாங்கள் படித்த பெண்கள் பாடசாலையில் பேண்ட் குழு ஒன்று இருந்தது. அதில் பெரிய டிரம் மதினியுடையது. என் கையில் கிடைத்தவை இரண்டு பித்தளைத் தட்டுகள். நான்கு அடிக்கு ஒருமுறை தட்டிவிட்டுச் சும்மா வரவேண்டும். பெரிய டிரம் அப்படியல்ல. இடது கால் தரையைத் தொடும்போது அது முழங்க வேண்டும். முன்னால் பின்னால் வருகிற அத்தனை பேரும் அந்தச் சத்தத்தை நம்பித்தான் காலெடுத்து வைக்கிறார்கள். இரண்டு வருடமாக அந்த டிரம்மையே பார்த்துப் பார்த்து ஏங்கிக்கொண்டு தட்டடித்தேன். ஆசை என்று சொல்வது மரியாதைக்கு; பொறாமைதான் அது.

எழுபதுகளின் தொடக்கம். இந்தியக் குடியுரிமையா, இலங்கைக் குடியுரிமையா என்று ஒவ்வொரு தோட்டக் குடும்பமும் மனுப் போட்டுவிட்டுக் காத்திருந்த காலம். மாமா இந்தியாவுக்கு எழுதினார். அப்பா இங்கேயே இருப்பதற்கு எழுதினார். ஒரே லயத்து வரிசை வீட்டில் அடுத்தடுத்த காம்பரா அறைகளில் இருந்த இரண்டு குடும்பம், ஆளுக்கொரு நாடு என்று ஆனது இப்படித்தான். மாமா வீட்டுக்குப் பாஸ்போர்ட் வந்த அன்று அம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன், நிஜமாகத்தான் அழுதேன். ஆனால் அழுதுகொண்டிருக்கும்போதே, இனி டிரம் யாருக்கு என்ற எண்ணமும் எனக்கு வந்துவிட்டது. அதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

பாடசாலைகளுக்கிடையிலான அணிவகுப்புப் போட்டி நடக்கும்போது மதினி இங்கே இருக்கமாட்டாள் என்பதால், பேண்ட் டீச்சர் டிரம்மை என்னிடம் தந்தார். முதல் நாளே எல்லாரையும் ஓடவிட்டேன். என் அடி போகப் போக வேகமாகிவிட்டது. டீச்சர் தலையில் கை வைத்துக்கொண்டார். அன்று பஸ்ஸில் மதினி, "வீட்டுல வச்சு நான் சொல்லித் தரேன்" என்றாள். டிரம்மை வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. அதனால்தான் கூடை. டிரம் மாதிரியே அதுவும் காலை மறைத்துவிடும். பாதை தெரியாமல் நடந்து பழகலாம்.

தினமும் பின்னேரம் ஒரு மணி நேரம். என் குறை எங்கே என்று மதினி இரண்டாம் நாளே கண்டுபிடித்துவிட்டாள். கையில் இல்லை, காலில். மலையில் பிறந்தவர்களுக்கு இறக்கத்தைக் கண்டால் கால் தானாக ஓடும். "குதிகால ஊனு. இறக்கம் ஒன்ன இழுக்கும், நீ போகாத. சின்ன டிரம்முங்க ஓடுனாலும் ஓடட்டும், ஒன்கிட்டதான் திரும்பி வரணும்" என்பாள். பங்களா ரோட்டு இறக்கத்தில் என்னை ஏறவிட்டு, இறங்கவிட்டு, மறுபடி ஏறவிட்டாள். கழுத்தில் கயிறு அறுத்த இடத்தில் அம்மா தேங்காயெண்ணெய் தடவினாள். ஒரு மாதத்தில் என் கால் அடங்கியது.

மதினி பயணத்துக்காகப் பாடசாலையை விட்டு நின்றுவிட்டாள். அப்போதுதான் மாமா வீட்டின் கப்பல் நாள் தள்ளிப்போனது. அணிவகுப்பு முடிந்து மூன்றாம் நாள்தான் பயணம் என்றானது. டீச்சருக்கும் அது தெரிந்துவிட்டது. என்னைக் கூப்பிட்டு, "ஒங்க மதினி இன்னும் போகலையாமே. கடைசியா ஒருக்கா அவளே அடிக்கட்டுமா? கேட்டுப் பாரு" என்றார். நான் மதினியிடம் கேட்கவே இல்லை. மறுநாள் டீச்சரிடம் போய், "அவங்களால முடியாதாம் டீச்சர். பொட்டி கட்டுற வேலை நெறைய இருக்காம்" என்றேன். பொய் சொல்லும்போது நாக்கு குழறும் என்பார்கள். எனக்குக் குழறவில்லை.

அணிவகுப்பு அன்று பதுளை கடைத்தெருவில் இரண்டு பக்கமும் சனம். தெரு இறங்கத் தொடங்கியதும் சின்ன டிரம்கள் ஓடின, என் காலும் கூடவே இழுபட்டது. பின்வரிசையில் கால்கள் குழம்புகிற சத்தம் கேட்டது. அப்போது கடைப்படிகளை ஒட்டி, ஆட்களை இடித்துத் தள்ளிக்கொண்டு, ஒருத்தி என்னோடு நடந்து வந்தாள். பயணத்துக்கென்று வாங்கிய புதுச் சேலை. என் முகத்தைப் பார்க்காமல், இடது குதிகாலை மட்டும் ஊன்றி ஊன்றி வைத்தாள். அந்தக் காலைப் பார்த்து அடித்தேன். தெரு முடியும்வரை அவள் நிற்கவில்லை. எங்களுக்கு இரண்டாம் இடம் கிடைத்தது. என்னைத்தான் எல்லாரும் பாராட்டினார்கள்.

மூன்றாம் நாள், கப்பலைப் பிடிக்க அவர்கள் ரயிலேறும்போது, பதுளை ஸ்டேஷனில் ஒரே அழுகை. மதினி என்னைத் தனியே இழுத்துக்கொண்டு போய்ச் சொன்னாள்: "அணிவகுப்புக்கு மொத நாள் டீச்சர கடையில பாத்தேன். பொட்டி கட்டுற வேலை நெறைய இருக்காமேன்னு கேட்டாங்க. ஆமாங்கன்னு சொல்லிட்டேன்." பிறகு காலடியில் இருந்த தகரப் பெட்டியைப் பார்த்தாள். "எங்களுக்கு கட்டுறதுக்கு என்னா இருக்கு புள்ள, இந்த ஒரு பொட்டிதான்." கோபமாகச் சொல்லியிருந்தால் காலில் விழுந்திருப்பேன். அவள் சாதாரணமாகச் சொன்னாள். என்னைக் காட்டிக்கொடுக்காமல் இருந்ததும், எல்லாம் தெரிந்துகொண்டே தெருவில் எனக்காகக் கால் வைத்ததும் அப்போதுதான் விளங்கியது.

அதன் பிறகும் இரண்டு வருடம் அந்த டிரம்மை நான்தான் அடித்தேன், நன்றாகவே அடித்தேன். கடிதங்களில் நாங்கள் இருவரும் அதைப்பற்றி எழுதியதில்லை. மதினி திருச்சிப் பக்கம் பிள்ளை குட்டிகளோடு இருக்கிறாள். இப்போது போனில் பேசிக்கொள்கிறோம். விலைவாசி, முழங்கால் வலி, மருமகள்கள் என்று பேச்சு ஓடும். போன மாதம்தான் ஒரு வழியாகத் தைரியம் வந்து, "மதினி, அன்னைக்கி நான் ஒங்ககிட்ட கேக்காமலே பொய் சொல்லிட்டேன்" என்றேன்.

"எனக்கும் அடிக்கணும்னு ஆசையாத்தான் புள்ள இருந்துச்சு" என்றாள் மதினி.