கழற்றி வைத்த போர்டு

ஜெசிந்தா போய்விட்டாள் என்ற செய்தி ஞாயிற்றுக்கிழமை காலை வந்தபோது நான் காய்கறிக் கடையில் பீன்ஸ் பொறுக்கிக்கொண்டிருந்தேன். அவளுடைய அண்ணன் பேசினார். பூசைக்குக் கிளம்பும்போது நெஞ்சு வலிக்கிறது என்றாளாம். ஆட்டோ வருவதற்குள் முடிந்துவிட்டது. நாற்பத்தொரு வயது. போனை வைத்துவிட்டு மறுபடி பீன்ஸ் பொறுக்கினேன். கை அதுபாட்டுக்கு வேலை செய்தது.

அவளோடு வேலை பார்த்த உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். நாங்கள் எழுதுவது டீபக்கர். கணினியோடு ஒயரில் மாட்டிய சின்ன சர்க்யூட் போர்டில் ஓடிக்கொண்டிருக்கும் நிரலைச் சட்டென்று நிறுத்தி, உள்ளே என்ன இருக்கிறது என்று காட்டும் மென்பொருள். ப்ராசஸர் அந்த நொடியில் கையில் வைத்திருக்கும் எண்கள் இருக்கும் இடம்தான் ரெஜிஸ்டர். ஒரு ரெஜிஸ்டரைப் படிக்க எங்கள் பழைய நிரல் ஏழு இடம் சுற்றியது. ஒவ்வொன்றும் எவனோ எப்போதோ அவசரத்தில் கட்டியது. அதில் இரண்டு என் கைங்கரியம். வந்த முதல் வாரமே ஜெசிந்தா, "ரேஷன் கார்டு வாங்கக்கூட இவ்ளோ டேபிள் ஏற வேணாம்ணா" என்றாள். ஏழையும் இடித்து ஒரே வழியாக்கினாள். போர்டைக் கேள், வந்ததைக் காட்டு, வராவிட்டால் வரவில்லை என்று சொல்.

அந்தக் கடைசிப் பகுதியில்தான் எங்களுக்குள் சண்டை. இணைப்பு ஒரு நொடி அறுந்தாலும் திரை முழுக்க 'கிடைக்கவில்லை' என்று வந்தால், வாங்கியவர்கள் போன் போட்டுக் கத்துவார்கள். அதனால், பதில் வராவிட்டால் கடைசியாகப் படித்த எண்ணையே காட்டு என்று ஒரு வரியை நான் சேர்த்தேன். அவள் வேலையைச் சரிபார்க்கிறவன் நான்தான். அந்த வரி இல்லாமல் ஒப்புதல் தரமாட்டேன் என்று அடம்பிடித்தேன்.

அப்போதுதான் அவள் தன் அப்பாவைப் பற்றிச் சொன்னாள். ஆஸ்பத்திரியில் நாடித்துடிப்பைப் படிக்க அவர் விரலில் மாட்டிய கிளிப் கழன்று கட்டிலுக்கடியில் விழுந்துவிட்டது. பழைய மானிட்டர், அது கடைசி எண்ணையே காட்டிக்கொண்டிருந்தது. "அம்மா அந்த நம்பரப் பாத்துக்கிட்டே ஜெபம் பண்ணாங்கண்ணா. அப்பா எந்த நேரத்துல போனார்னு இன்னிக்கு வரைக்கும் எங்களுக்குத் தெரியாது. சும்மா ஒரு நம்பர் காட்டாதீங்க." அதைக் கேட்டும் நான் வரியை எடுக்கவில்லை; அது இருக்கும்வரை வேலை முடிந்ததாக அவளும் ஒப்புக்கொள்ளவில்லை. என் பிடிவாதம் உங்களுக்குத் தெரிந்ததுதான்.

செவ்வாய்க்கிழமை அடக்கம். ஆஸ்டின் டவுனில் இருக்கும் அவர்கள் வீட்டில் அவள் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். ஏதோ ஒரு வேலை முடியாமல் இழுக்கிறது என்று சாப்பிட உட்காரும்போதெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாளே, அதை முடித்தாளா என்று கேட்டார். முடித்துவிட்டாள், அம்மா என்றேன். அந்த முகத்தைப் பார்த்து வேறு எதுவும் வாயில் வரவில்லை.

மறுநாள் நண்பகலில், அவள் பொருட்களை எடுத்து வைக்க லேபுக்குப் போனேன். ஜன்னல் இல்லாத அறை. ஆள் அசைந்தால்தான் விளக்கு எரியும். போர்டைக் கழற்றி, ஒயரைச் சுற்றி, அட்டைப்பெட்டிக்குள் வைத்தேன். கணினியை அணைக்கப் போனால் திரையில் டீபக்கர் திறந்திருந்தது. பழக்கதோஷத்தில், ரெஜிஸ்டர்களைப் படிக்கும் பொத்தானை அழுத்தினேன். பதில் வந்தது.

முப்பத்துச் சொச்சம் எண்கள், வரிசையாக. எந்தச் சோதனை என்று குழம்பாமலிருக்க, ஒரு ரெஜிஸ்டரில் அன்றைய தேதியை வைப்பது அவள் வழக்கம். அதில் வெள்ளிக்கிழமைத் தேதி. அவள் கடைசியாக வேலைக்கு வந்த நாள். மறுபடி அழுத்தினேன். மறுபடியும் வெள்ளிக்கிழமை. பெட்டியைப் பார்த்தேன், போர்டு உள்ளேதான் கிடந்தது. நான் அசையாமல் நின்றிருக்க வேண்டும், விளக்கு அணைந்தது. இருட்டில் அந்த எண்கள் மட்டும். யாரோ எதிரே உட்கார்ந்து, கேட்கும்போதெல்லாம் பொறுமையாக அதே பதிலைச் சொல்வது போலிருந்தது. இருபத்தைந்து வருட சர்வீஸ் எனக்கு. சத்தியமாகச் சொல்கிறேன், முதுகு சில்லிட்டது. "ஜெசி" என்று கூப்பிட்டும் விட்டேன். விளக்கு எரிந்தது. நான்தான் அசைந்திருப்பேன்.

பிறகுதான் உறைத்தது, அது என் வரியின் வேலை என்று. நிரலைத் திறந்து தேடினேன். அந்த வரிக்கு மேலே, வெள்ளிக்கிழமை மாலை அவள் எழுதிவைத்த குறிப்பு இருந்தது. ஆங்கில எழுத்தில் தமிழ்: "இது அண்ணாவோட வரி. அவரே எடுப்பாரு."

எடுத்தேன். போர்டை மறுபடி மாட்டி ஓட்டினேன், எண்கள் வந்தன. ஒயரை உருவிவிட்டு அழுத்தினேன். மேலிருந்து கீழ்வரை கிடைக்கவில்லை, கிடைக்கவில்லை, கிடைக்கவில்லை. தேதி இருந்த இடத்திலும் அதுவேதான். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து வராத அழுகை அப்போது வந்தது.

சனிக்கிழமை அவள் அம்மாவைப் போய்ப் பார்த்தேன். அன்று பொய் சொன்னேன், வேலை முடிந்திருக்கவில்லை, தடுத்தது நான், புதன்கிழமைதான் முடிந்தது என்றேன். "ஆறுதலுக்குன்னு இனிமே எங்கிட்ட எதுவும் சொல்லாதப்பா" என்றார் அவர். "அன்னிக்கு ஆஸ்பத்திரியில அந்த மிஷின் சொன்னதே போதும்."

போர்டை இப்போது வேறொருவர் வைத்திருக்கிறார். என்னிடம் மிஞ்சியது அந்தக் குறிப்பு ஒன்றுதான். வரி போன பிறகு நிரலில் அதற்குப் பொருளில்லை, ஆனாலும் அழிக்கவில்லை. கீழே ஒன்றுமில்லாமல் தனியாக நிற்கிறது. படிக்கிறவர்கள் எந்த வரி, எந்த அண்ணா என்று கேட்பார்கள். நான்தான் என்று சொல்வேன்.