சீல் எடுத்த முகம்

என் கடைச் சுவரில் ஒரு பலகை தொங்குகிறது. படங்களைப் போனில் அனுப்ப வேண்டாம், கையோடு கொண்டு வந்து தரவும் என்று அதில் எழுதியிருக்கிறேன். கிளிநொச்சியில் ஏ9 வீதியை விட்டுக் கொஞ்சம் உள்ளே தள்ளிய ஒற்றை அறைக் கடை. பழைய படங்களையும் நெகற்றிவ்களையும் கொம்பியூட்டரில் ஏற்றித் திருத்திக் கொடுப்பது என் தொழில். பலகையை எல்லோரும் வாசிக்கிறார்கள். வாசித்துவிட்டு வாசலில் நின்றபடியே போனில் அனுப்புகிறார்கள்.

போனில் படமாக அனுப்பினால் அது சுருங்கித்தான் போய்ச் சேரும், பிறகு விரியாது. வேறு வழியில்லை என்றால் டொக்கியூமென்டாக அனுப்புங்கள், உள்ளது உள்ளபடி போகும். இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் உளைகிறது. "பாக்க நல்லாத்தானே கிடக்கு, அக்கா" என்பார்கள். உள்ளங்கையளவுத் திரையில் எதுதான் கெட்டுத் தெரியும்? பெருப்பித்துச் சுவரில் மாட்டும்போதுதான் கண் இருந்த இடத்தில் சதுரம் சதுரமாக நிற்கும். அப்போது பழி எனக்கு.

ஒரு படத்துக்கு ஏன் இவ்வளவு கத்துகிறாய் என்று என்னைக் கேட்டவர்கள் உண்டு. அவர்களுக்காக இதை எழுதுகிறேன். என் அத்தானின் படம் இது. அத்தான் என்றால் அக்காவின் கணவர். முல்லைத்தீவுப் பக்கத்து நாயாற்றில் கரைவலை இழுத்தவர்.

யுத்தம் முடிந்த நாளில் சனத்தோடு சனமாக வெளியே வந்தபோது ஆண்களைத் தனியாக நிற்கச் சொன்னார்கள். அத்தான் ஆமி பஸ்ஸில் ஏறியதை அக்கா தன் கண்ணால் கண்டார். அதற்குப் பிறகு அவரைக் கண்டதாகச் சொன்னவர் எவரும் இல்லை. அக்காவின் இடுப்பில் மகள், கைக்குழந்தை. கையில் ஒரு பொலித்தீன் பை. அந்தப் பைக்குள் ஆள் இன்னார்தான் என்று கிராம சேவகர் முன்பு கொடுத்த உறுதிக் கடிதம் ஒன்று இருந்தது. அதன் மூலையில் அத்தானின் தபால் முத்திரையளவுப் படம். பாதி படத்தின் மேலும் பாதி கடிதத்தின் மேலுமாக வட்டச் சீல் குத்தியிருந்தார்கள். சீலின் வளைவு சரியாக அத்தானின் நாடியில், வாய்க்குக் கீழே, விழுந்திருந்தது. கல்யாண அல்பம் ஏதோ ஒரு பங்கருக்குள் மண்ணோடு போய்விட்டது. அத்தானின் முகம் என்று உலகத்தில் மிஞ்சியது அந்த முத்திரையளவுதான்.

சனத்தை அடைத்து வைத்த முகாமிலிருந்து வெளியே விட்டதும் அக்கா வவுனியாவுக்குப் போய் ஒரு ஸ்ரூடியோவில் அதைப் பெருப்பிக்கக் கொடுத்தார். தேடிப் போகிற இடமெல்லாம் காட்டுவதற்குப் படம் வேண்டுமே. சீலோடு பெருப்பித்தால் வடிவாக இராது, எடுத்துவிடுகிறேன் என்று ஸ்ரூடியோக்காரர் சொன்னாராம். நல்ல மனிதர், இரக்கத்தோடுதான் செய்திருக்கிறார். அந்த இரக்கத்தை நான் இன்றைக்கும் மன்னிக்கவில்லை.

சீலை எடுப்பதென்றால் என்ன என்று எங்கள் சனத்துக்குத் தெரியாது. மையைத் துடைத்தால் கீழே முகம் இருக்கும் என்று நினைக்கிறார்கள். கீழே ஒன்றும் இருக்காது. மை பட்ட இடத்தில் பக்கத்துத் தோலை வெட்டி ஒட்டுவதுதான் வேலை. அத்தானுக்கு நாடி உள்வாங்கியது, நடுவில் ஒரு பிளவு. ஸ்ரூடியோக்காரர் அதை எங்கே கண்டார்? கன்னத்தில் தோல் எடுத்து ஒரு நாடி செய்தார். உருண்டையான, மழமழப்பான, வங்கி மனேஜருக்கு இருக்கக்கூடிய நாடி. முத்திரையளவுப் படத்தை ஆயிரத்து இருநூறு டிபிஐக்குக் குறையாமல், அதாவது அங்குலத்துக்கு அத்தனை புள்ளிகளாக, ஸ்கான் பண்ண வேண்டும், அவர் முந்நூறில் பண்ணியிருந்தார். அதைவிடக் கொடுமை, திருத்திய படத்தை முதல் படத்தின் மேலேயே அதே பெயரில் சேமித்துவிட்டார். பல வருடம் கழித்து நான் தேடிப் போய்க் கேட்டபோது, "அப்ப இடமில்லைத் தங்கச்சி, டிஸ்க் நிரம்பிப் போச்சு" என்றார். முதல் ஸ்கானைத் தொடாதீர்கள். அதைப் பெயர் மாற்றிப் பிரதி எடுத்து, பிரதியில் கை வையுங்கள். என் கடையில் நான் கெட்ட வார்த்தை பேசுவது இந்த ஒரு விஷயத்துக்குத்தான்.

சரி, கடிதமாவது கையில் இருந்ததா என்றால் அதுவும் இல்லை. காணாமற்போனவர்களை விசாரிக்கிறோம் என்று ஒரு அலுவலகம் வந்தது. விண்ணப்பத்தோடு படம் இணைக்கச் சொன்னார்கள். அக்கா பெரிய பிறின்ற்றை வீட்டில் வைத்துக்கொண்டு கடிதத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தார். சீல் இருப்பதுதான் செல்லும் என்று நினைத்தார். ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் சீல் இருந்தால் போகலாம், இல்லாவிட்டால் நில் என்று வாழ்ந்த சனம் வேறு எப்படி நினைக்கும்? வாங்கி வைத்தவர்கள் பிறகு மாறிப் போனார்கள், அலுவலகமும் மாறியது. கடிதம் எங்கே என்று கேட்டால் கோப்பு மேலே போய்விட்டது என்கிறார்கள். எங்கள் சனத்தின் கோப்புகள் மேலேதான் போகும், கீழே வந்ததை நான் காணவில்லை.

அதற்குப் பிறகு அக்கா வீதியோரப் போராட்டப் பந்தலில் மற்றப் பெண்களோடு அத்தானின் படத்தை ஏந்திக்கொண்டு இருக்கத் தொடங்கினார். வெயிலில் படம் வெளிறும். வெளிறக்கூடாது என்று லமினேற் பண்ணுவார். சூட்டில் பசை உருகிப் படத்தோடு ஒட்டிவிடும், பிறகு உரித்தால் முகமும் சேர்ந்து உரியும். பந்தலில் ஏந்திப் பிடிப்பதை லமினேற் பண்ணுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் உங்களிடம் உள்ள ஒரேயொரு படத்தைப் பண்ணாதீர்கள். அக்காவிடம் இருந்தது ஒரேயொரு படம். வெளிறிய படத்தை அடுத்த ஸ்ரூடியோவில் கொடுப்பார். அவர்கள் பளபளக்கும் பிளாஸ்ரிக்கின் மேலாகவே படம் எடுப்பார்கள், நெற்றியில் ரியூப் லைற் விழும், அந்த வெள்ளையை மறைக்க நெற்றியைப் பூசுவார்கள். முல்லைத்தீவில் ஒருவர் தோல் நிறத்தை வெளுப்பாக்கினார். இன்னொருவர் கேளாமலே கோட்டும் கழுத்தில் ரையும் போட்டுவிட்டார். எல்லோருக்கும் ஒரே வார்த்தைதான்: "கிளியர் பண்ணி விட்டிருக்கிறன்." வருடா வருடம் கிளியராகிக் கிளியராகி அத்தான் யாரோ ஆகிவிட்டார்.

நான் தொழில் பழகிக் கடை போட்டதும் முதல் வேலையாக அக்கா வீட்டு அலுமாரிக்குப் பின்னால் கிடந்த பழைய பந்தல் படங்கள் எல்லாவற்றையும் தூசு தட்டி ஸ்கான் பண்ணி வருட வாரியாக வைத்தேன். வரிசையாகப் பார்த்தபோதுதான் முகம் வருடா வருடம் மாறி வந்தது தெரிந்தது.

"அக்கா, இது அத்தான்ரை நாடி இல்லை" என்றேன்.

"பதினாறு வயசில அவரைக் கண்டனான். அவரின்ரை முகம் எனக்குத் தெரியாதோ? உனக்கு எல்லாத்திலையும் பிழை பிடிக்க வேணும்."

படங்களைத் திரும்பவும் உறையில் போட்டேன். எனக்கும் உறுதியாகச் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. தினமும் பார்க்கிற படம் மனதில் இருக்கிற முகத்தின் மேல் ஏறிக் குந்திவிடும். அக்காவுக்கு மட்டுமல்ல, எனக்கும் அப்படித்தான் இருந்தது.

அக்காவின் மகளுக்கோ வேறு முகமே தெரியாது. இப்போது உயர்தரம் படிக்கிறாள். அந்தக் கோட்டுப் படத்தைப் போனில் ஏதோவொரு செயலிக்குள் போட்டு, கண்ணைச் சிமிட்டித் தலையாட்டிச் சிரிக்க வைத்திருந்தாள். "அப்பா சிரிக்கிறார் பாருங்கோ சித்தி" என்று காட்டினாள். வரிசையான வெள்ளைப் பற்கள். அந்தச் செயலிகள் இல்லாத தகவலைத் தேடிக் கண்டுபிடிப்பதில்லை. கோடிக்கணக்கான முகங்களைப் பார்த்துப் பழகியதில் ஒரு முகத்தைத் தானாகச் செய்து உங்கள் ஆளின் மேல் ஒட்டுகின்றன. பிள்ளையிடம் அதைச் சொல்ல மனம் வரவில்லை. நல்லாயிருக்கு என்றேன்.

போன வருடம் நான் அக்கா வீட்டில் நின்றபோது, வெளிநாட்டிலிருந்து அத்தானின் ஒன்றுவிட்ட அண்ணர் அக்காவுக்குப் போன் எடுத்தார். சமாதான காலத்தில் பாதை திறந்தபோது அவர் பிலிம் கமராவோடு வந்து நாயாற்றில் இரண்டு நாள் நின்றவர். வீடு மாறும்போது, அப்போது எடுத்த பிலிம் றோலின் நெகற்றிவ் அகப்பட்டதாம். ஜன்னலில் பிடித்துப் போனில் எடுத்து அனுப்பட்டோ என்று கேட்டார். நான் அக்காவின் கையிலிருந்து போனைப் பறித்தேன்.

"அண்ணை, தயவுசெய்து ஒண்டும் செய்யாதேங்கோ. துடைக்காதேங்கோ, வெட்டாதேங்கோ, ரேப் ஒட்டாதேங்கோ. ஓரத்தில மட்டும் பிடிச்சு, வெறும் கடதாசி உறையில வைச்சு, ஆரும் இஞ்சை வந்தால் கையில குடுத்து விடுங்கோ."

கோயில் திருவிழாவுக்கு வந்த ஒருவரிடம் கொடுத்துவிட்டார். சொக்கிளேற் வந்த ரின் பேணிக்குள் நான்கு படம் உள்ள ஒரு துண்டு. ஓரத்தில் பூஞ்சணம் கொஞ்சம் பிடித்திருந்தது, முகங்களில் பட்டிருக்கவில்லை. இங்கே மாரி மழையில் கிடந்திருந்தால் முழுவதும் தின்றிருக்கும். உங்களிடம் நெகற்றிவ் இருந்தால் காற்றுப் புகாத பேணியில், மருந்துப் போத்தல்களோடு வருகிற ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களைப் போட்டு வையுங்கள். சாமித்தட்டில் வைக்காதீர்கள், கற்பூரப் புகை படும்.

அக்காவும் மகளும் முல்லைத்தீவிலிருந்து காலை பஸ்ஸில் வந்தார்கள். அக்கா கதிரையை இழுத்து எனக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். பருத்திக் கையுறையை மாட்டி, றப்பர் ஊதியால் தூசை ஊதினேன். "வாயால ஊதன், கெதியாப் போகும்" என்றார் அக்கா. வாயால் ஊதினால் எச்சில் படும், எச்சில் பட்ட இடம் கறையாகும் என்று சொல்லி முறைத்தேன். மினுங்காத பக்கம் எது என்று வெளிச்சத்தில் சரித்துப் பார்த்துத் தட்டில் வைத்தேன். மாறி வைத்தால் ஆள் கண்ணாடியில் பார்ப்பது போலத் திரும்பி வருவார். ஸ்கானரின் கூர்மையாக்கும் வேலை, நிறம் சரிபார்க்கும் வேலை எல்லாவற்றையும் நிறுத்தினேன். மூவாயிரத்து இருநூறு டிபிஐயில், பதினாறு பிற்றில், எதையும் சுருக்காத ரிஃப் கோப்பாக ஏற்றினேன். கரண்ட் நின்றால் என்ன செய்வது என்று யூபிஎஸ்ஸின் பச்சை விளக்கை இரண்டு தரம் பார்த்துக்கொண்டேன்.

முதலில் செம்மஞ்சளாக, பல் கறுப்பாகப் பேய் மாதிரித்தான் தெரிந்தது. நிறத்தைப் புரட்டினேன்.

வள்ளத்தில் சாய்ந்துகொண்டு இடுப்பில் சாரத்தோடு ஒருவர் சிரித்தார். உள்வாங்கிய நாடி, நடுவில் பிளவு. முன்பல் ஒன்று மற்றதன் மேல் ஏறி நின்றது. காது இரண்டும் வெளியே தள்ளி, வெயிலுக்குக் கண் சுருங்கி, கன்னத்தில் உப்புப் பூத்திருந்தது.

"சித்தி, இது ஆர்?" என்றாள் பிள்ளை.

அவள் தன் போனை எடுத்துப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தாள். "அப்பா இப்பிடி இல்லையே. காதைப் பாருங்கோ. கொஞ்சம் கிளியர் பண்ணி விடுங்கோவன் சித்தி."

"ஒரு புள்ளியிலையும் கை வைக்க மாட்டன்" என்று கத்திவிட்டேன். பிள்ளை பயந்து பின்னால் போனாள்.

அக்கா திரையைத் தொட்டார். விரலால் அந்த நாடியைத் தடவினார். அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை.

"நான் இவரை மறந்து போனனடி" என்றார். விரலைத் திரையிலிருந்து எடுக்காமலே, "தடுப்பு முகாமால விட்டு வந்த பொடியன் ஒருத்தன் மாங்குளத்தில இருந்தவன். அவனிட்டைப் போய்ப் படத்தைக் காட்டினனான். அவனையும் இவரைப் பிடிச்ச அதே நாள் பிடிச்சு, கன இடத்தில வைச்சிருந்தவங்களாம். அவன் வடிவாப் பாத்திட்டு, இல்லையக்கா, இந்த ஆளை நான் ஒரு இடத்திலையும் காணேல்லை எண்டு சொன்னவன்" என்றார்.

இதை அக்கா எனக்கு ஒருநாளும் சொன்னதில்லை.

"எந்த வருசம்?" என்றேன். சொன்னார். அந்த வருடத்துப் படத்தைத் திறந்து, வள்ளத்தில் சாய்ந்து நிற்பவருக்குப் பக்கத்தில் வைத்தேன். வெளிறிய நெற்றி, வங்கி மனேஜரின் நாடி, கோட்டு.

"இதைத்தான் காட்டினனியோ, அக்கா?"

"ஓம்."

"அந்த அண்ணா இப்ப எங்கை?" என்று பிள்ளை கேட்டாள்.

"வெளிநாட்டுக்குப் போயிட்டான். எந்த நாடெண்டும் தெரியாது." அக்கா இரண்டு முகங்களையும் மாறி மாறிப் பார்த்தார். "அவன் பொய் சொல்லேல்லையடி. இவரோடை ஒரே அறையில படுத்துக் கிடந்திருந்தாலும், நான் காட்டினதைப் பாத்து அவன் இல்லை எண்டுதான் சொல்லியிருப்பான்."