சப்பாத்து வாசலில், கால் உள்ளே

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கெலாங் பாத்தாவிலிருந்து அக்கா போன் செய்தாள். குரலே சரியில்லை.

"உங்க அத்தான் காலக் கொஞ்சம் வந்து பாரேன். அந்த மிஷின் ஒன்னுமே சொல்லலடி!"

அத்தானுக்குச் சர்க்கரை. பாதம் மரத்துப்போய் வருஷக்கணக்காகிறது. ஒரு சுண்டுவிரலை ஏற்கெனவே எடுத்துவிட்டார்கள். அதனால்தான் ஆஸ்பத்திரியில், சோதனை முயற்சியாக, சப்பாத்துக்குள், பாதத்துக்கு அடியில் வைக்கும் ஒரு இன்சோல் கொடுத்திருந்தார்கள். துணி மாதிரி வளையும். உள்ளே அழுத்தத்தை உணரும் மெல்லிய சென்சார்கள். ஒரே இடத்தில் பாரம் அதிக நேரம் விழுந்தால் கைப்பேசி கத்தும். மரத்துப்போன காலுக்குப் பதிலாக அது சத்தம் போடுகிறது... நல்ல விஷயம்தானே?

அக்கா பேச்சைக் கேட்காத மனுஷன், அது கத்தினால் மட்டும் சூப்பர்மார்க்கெட் வரிசையில்கூட நாற்காலி தேடுவார்!

அன்றைக்குப் பிள்ளையார் கோயிலில் அன்னதானம். பந்தி பரிமாறுவதை அத்தான் யாருக்கும் விட்டுத்தர மாட்டார். வெயிலில் காய்ந்த சிமெண்டுத் தரையில், சாம்பார் வாளியும் கையுமாக, வெறுங்காலோடு நெடுநேரம் நின்றிருக்கிறார்.

"போன் சத்தமே போடல பாரு. கால் நல்லாயிருச்சு லா!" என்று நண்பர்களிடம் பெருமை வேறு.

எப்படிப் போடும்? இன்சோலும் சப்பாத்தும்தான் கோயில் வாசலில், நிழலில், சுகமாகக் கிடந்தனவே!

எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. வீட்டுக்குப் போய்க் காலைப் பார்த்ததும் அது போய்விட்டது. கட்டைவிரலுக்குக் கீழே பெரிய கொப்புளம்.

"வலிக்கலையேம்மா," என்றார் அத்தான். அதைக் கேட்டுத்தான் எனக்குப் பயமே வந்தது. இந்த விரலும் போய்விடுமோ?

கிளினிக்கில் மலாய்க்கார நர்ஸ் புண்ணைத் துடைத்துக்கொண்டே, "அலமாக்! எங்கப்பாவும் சுராவுல தொழப் போனா இப்படித்தான்," என்றார் மலாயில்.

வீடு, கோயில், சுராவ்... எங்கே போனாலும் வாசலில் கழற்றிவிட்டு நுழைகிற ஊர் இது. இன்சோலைக் கண்டுபிடித்தவர்கள் படுக்கையறை வரை சப்பாத்தோடு போகிறவர்களோ? அந்தச் சென்சாரை ஒரு காலுறையில் வைத்துத் தைத்துக் கொடுங்களேன், புண்ணியமாகப் போகும்!

விரலுக்கு ஆபத்தில்லை, ஆனால் புண் ஆறும்வரை நிற்கவே கூடாது என்று சொல்லிவிட்டார் டாக்டர். அத்தான் முகம் தொங்கிப்போயிற்று. விஷயம் கேள்விப்பட்ட கோயில் தலைவர், "நீங்க உக்காந்து காய் வெட்டுங்கண்ணே, போதும்," என்று சொல்லியும் அவருக்கு மனசு ஆறவில்லை.

"எல்லாரும் நிக்கிறப்ப நான் மட்டும் உக்காந்திருந்தா, சாமி என்ன நெனைக்கும்?"

அக்கா விட்டாளா?

"பிள்ளையாரே உக்காந்துதாங்க இருக்காரு!"