சட்டலைட் காணாமற்போன வெள்ளிக்கிழமை

ஒரு பெண்பிள்ளை, தான் செய்யாத பிழைக்காக ஊருக்கு முன்னால் நின்று மன்னிப்புக் கேட்டாள். அந்தப் பிழையைச் செய்தவன் நான். அவள் கேட்டுக்கொண்டிருந்தபோது, கூப்பிடு தூரத்தில், மருத மர நிழலில் சீட்டுக் கையோடு உட்கார்ந்திருந்தேன்.

இதைவிடச் சுருக்கமாகச் சொல்லத் தெரியவில்லை. இனி விவரம்.

இந்தப் பத்தியைத் தொடர்ந்து வாசிக்கிறவர்களுக்கு என் மகள் துஷியைத் தெரிந்திருக்கும். மெல்பேர்னில் இருக்கிறாள். கல்லடி வீட்டில் நான் என்ன சாப்பிட்டேன் என்பது பக்கத்து வீட்டுக்குத் தெரியமுன் அவளுக்குத் தெரிந்துவிடும். எனக்கு நெஞ்சுவலி வந்து ஸ்டென்ட் வைத்தபோது ஓடி வந்தாள். திரும்பிப் போகுமுன் என் பழைய காருக்குள் ஒரு சின்ன ட்ரக்கரைப் பூட்டிவிட்டுப் போனாள்.

கார் நிற்கும் இடம் அவளுடைய போனில் தெரியும். பட்டிருப்புப் பாலத்தைத் தாண்டினால் அங்கே மணி அடிக்கும்.

“டவுன், சேர்ச், ஆஸ்பத்திரி, கடற்கரை... எங்க வேணுமெண்டாலும் போங்கப்பா. பாலத்துக்கு அங்கால மட்டும் தனியக் கார் ஓட வேணாம்.”

நியாயமான பேச்சு. ஆனால் பாலத்துக்கு அங்காலதானே தம்பிராசா இருக்கிறான்!

தம்பிராசா என்னோடு படித்தவன். பழுகாமத்தில் வயல் செய்கிறான். வெள்ளிக்கிழமைகளில் அவன் வயலோரத்து மருத மரத்தடியில் நாலு கிழவர்கள் கூடி முந்நூற்றிநாலு என்ற சீட்டு விளையாடுவோம். மனைவி போன பிறகு என் கிழமையில் மிஞ்சியிருந்த ருசி அது ஒன்றுதான். பஸ்ஸில் போகலாமே என்பீர்கள். போகலாம். ஆனால் தன் காரைத் தானே ஓட்டிப்போய் இறங்கும் மிடுக்கு பஸ்ஸில் வருமா?

வழி சொன்னவன், ஹயர் வான் ஓடும் ஒரு தம்பி.

“சேர், இதுக்குப் போய் யோசிக்கிறீங்களே. ஒரு சின்னப் பெட்டி இரிக்கு. ஓன் பண்ணினா சட்டலைட்டுக்குக் கண் தெரியாது. முதலாளி பாக்கக்குள்ள வான் வீட்டு வாசல்ல நிக்கும். நாங்க பாசிக்குடாவுல நிப்பம்.”

பௌதிகம் படிப்பித்து ஓய்வு பெற்றவன் நான். சட்டலைட்டுக்குக் கண்ணே கிடையாது என்பது எனக்குத் தெரியும். அது யாரையும் பார்ப்பதில்லை. இருபதினாயிரம் கிலோமீட்டர் உயரத்தில் சுற்றிக்கொண்டு, ‘நான் இன்னார், இப்போது நேரம் இவ்வளவு’ என்று ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கும். கீழே உள்ள ட்ரக்கர் அப்படி நாலு குரல்களையாவது கேட்டு, ஒவ்வொன்றும் வந்துசேர எவ்வளவு நேரம் பிடித்தது என்று கணக்குப் பார்த்து, தான் நிற்கும் இடத்தைத் தானே கண்டுபிடிக்கும்.

சிக்கல் எங்கே என்றால், அந்தக் குரல் கீழே வந்து சேரும்போது மெலிந்து நூலாகிவிடும். நமது வாவியில் மீன் பாடுகிறது என்கிறார்களே... நிலாக்காலத்தில் தோணியில் போய், துடுப்பின் ஒரு நுனியைத் தண்ணீரிலும் மறு நுனியைக் காதிலும் வைத்துக் கேட்பார்கள். அப்படி ஒரு மெல்லிய சத்தம். அந்த நேரம் பாலத்தில் ஒருவன் சைலன்சர் இல்லாத மோட்டார் சைக்கிளை முறுக்கினால்? மீன் பாடிக்கொண்டுதான் இருக்கும். உங்கள் காதுக்குத்தான் கேட்காது.

ஜாமர் என்பது அந்த மோட்டார் சைக்கிள். சட்டலைட் பேசும் அதே அலைவரிசையில் வெறும் இரைச்சலைக் கொட்டும். மேலே இருக்கும் சட்டலைட்டுக்கு ஒன்றும் ஆகாது. கீழே உள்ள ட்ரக்கரின் காதுதான் அடைத்துப்போகும்.

இதில் இன்னொரு வசதி. ட்ரக்கர் குழம்பிவிட்டால், கடைசியாகத் தெரிந்த இடத்தையே மகளுக்குச் சொல்லிக்கொண்டிருக்கும். ஆகவே வீட்டு வாசலில் வைத்தே பெட்டியை ஓன் பண்ணிவிட வேண்டும். பிறகு நாள் முழுக்க என் கார் கல்லடியில் நிற்கும் — அவளுடைய போனில்.

யாரெல்லாம் பாவிக்கிறார்கள்? சண்டை நடக்கும் நாடுகளில் படைகள், தங்கள் மேல் வரும் ட்ரோனையும் ஏவுகணையையும் வழிதவற வைக்க. கார் திருடர்கள். முதலாளிக்குத் தெரியாமல் ஒரு ஹயர் ஓடும் சாரதிகள். மனைவியிடம் கணக்குச் சொல்லப் பிடிக்காத கணவன்மார். இன்னும்... தன்மேல் எந்நேரமும் ஒரு கண் இருப்பதைத் தாங்கமுடியாத சாதாரண மனிதர்கள். கடைசி வகையில் என்னைச் சேர்த்துக்கொண்டேன். அனுமதியில்லாமல் வைத்திருப்பது சட்டப்படி குற்றம். அதுவும் தெரியும். தெரிந்துகொண்டுதான் ஓன்லைனில் ஓடர் பண்ணினேன்.

கையடக்கமான பெட்டி. சார்ஜ் போட்டுவிட்டால் கார் நின்ற பிறகும் வேலை செய்யும். காருக்குள் மட்டும்தான் அதன் ஆட்டம் என்று விளம்பரம் சொன்னது. இரைச்சலுக்குக் கார்க் கதவு வேலியா? வெட்டவெளியில் அது எதுவரைக்கும் போகும்? படிப்பித்த காலத்தில் இதே கேள்வியைப் பரீட்சைத் தாளில் போட்டிருப்பேன். எனக்கு நானே போடவில்லை.

சில வெள்ளிக்கிழமைகள் சுகமாகப் போயின.

பிறகு அந்த வெள்ளி. சிறுபோக நெற்காலம். கச்சான் காற்று பிடித்து வீசிக்கொண்டிருந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது வயலுக்கு மேலே ஒரு ட்ரோன் பறந்து களைக்கு மருந்தடித்துக்கொண்டிருந்தது. புல்லெண்ணெய் என்பார்கள் இங்கே. ஓட்டியவள் தர்சிகா. அதே ஊர்ப்பிள்ளை. பயிற்சிக்குப் போய்ப் படித்து, அந்த வட்டைக்கு — வட்டை என்றால் சேர்ந்தாற்போல் கிடக்கும் வயல்வெளி — முதன்முதலாக ட்ரோன் கொண்டுவந்தவள். அன்று அவளுக்கு அங்கே முதல் நாள். வரம்பெல்லாம் வேடிக்கை பார்க்க ஆட்கள்.

நான் மரத்தடியில் காரை விட்டுவிட்டுச் சீட்டை எடுத்தேன். துரும்பு — துருப்புச் சீட்டு — கேட்கும் நேரம், வரம்பில் ஒரு கூச்சல்.

நேர்கோட்டில் எங்கள் மரத்துப் பக்கம் வந்துகொண்டிருந்த ட்ரோன், வெறிகாரனைப்போல் காற்றோடு சரிந்து போனது. வரம்பைத் தாண்டியது. பக்கத்து மேட்டில் தோட்டம் செய்யும் பூமணியின் பயற்றங்கொடிகளுக்கு மேலே மருந்தைத் தூவிக்கொண்டே போய், வேலியோர மரமொன்றில் மோதிக் கிளையொடிய விழுந்தது. நெல்லைத் தொடாத மருந்து அது. பயற்றையை விடாது.

பூமணி தலையில் கை வைத்துக்கொண்டு ஓடி வந்தாள். தர்சிகா ரிமோட்டைத் தூக்கிக் காட்டினாள்.

“அக்கா, இந்தாப் பாருங்க... சட்டலைட் எல்லாம் காணாமப் போயிற்று. ஒண்டும் காட்டல்ல. பிறகு கையாலதான் திருப்பப் பாத்தன், காத்து இழுத்துற்று.”

“வானத்துல கிடந்த சட்டலைட் எங்க புள்ள போகும்? களுவாஞ்சிகுடிச் சந்தைக்கா?” என்றார் ஒருவர். வரம்பு முழுக்கச் சிரித்தது.

“ஓட்டத் தெரியாட்டி தெரியா எண்டு சொல்லு. சட்டலைட்டுல பழியப் போடாத.”

“பொம்பிளப் புள்ளைக்கு ஏன்கா இந்த வேல?”

அவள் ஒரு கணம் திரையைப் பார்த்தாள். பிறகு சொன்னாள், “நான்தான் என்னவோ பிழை விட்டிரிக்கன். எல்லாரும் மன்னிச்சுக்கொள்ளுங்க.”

எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. சந்தேகம் என்று ஒரு துளியும் இல்லை. எழுந்து காருக்குப் போனேன். பெட்டியை நிற்பாட்டினால் மெல்பேர்னில் மணி அடிக்கும். ஓனிலேயே எடுத்துச் சட்டைப் பொக்கட்டில் போட்டுக்கொண்டேன். நேரே போய் அவளிடம் சொல்லியிருக்கலாம், கூப்பிடு தூரம்தான். நான் திரும்பி வந்து என் சீட்டை எடுத்தேன்.

“எங்க மச்சான் போன? துரும்பச் சொல்லு,” என்றான் தம்பிராசா.

சொன்னேன்.

அன்று பின்னேரம் துஷி எடுத்தாள். “என்னப்பா, இண்டைக்கு முழுக்க வீட்டதானா? எங்கயும் போகல்லயா? பாவம்.”

அந்தப் ‘பாவம்’ இருக்கிறதே... அது நாலு நாள் காதுக்குள் நின்றது.

அடுத்த வெள்ளிக்கு நான் போகவில்லை. தம்பிராசா போனில் கதை சொன்னான். இனி அந்தப் பிள்ளையின் ட்ரோன் வட்டைக்குள் வேண்டாம் என்று ஆட்கள் ஒரே நிலையில் நிற்கிறார்களாம். தண்ணீர், வேலி, சச்சரவு எல்லாம் பார்க்கும் வட்டவிதானையாரும் ஓம் என்றுவிட்டாராம். அடுத்த ஊர்க்காரரும் கேள்விப்பட்டு வேண்டாம் என்கிறார்களாம்.

அதற்குமேல் வீட்டில் இருக்க முடியவில்லை. பெட்டியை எடுத்துக்கொண்டு புறப்பட்டேன். ஓன் பண்ணாமல். பாலத்தைத் தாண்டும்போது மெல்பேர்னில் மணி அடித்திருக்கும். அடிக்கட்டும்.

தர்சிகா வீட்டு விறாந்தையில் உடைந்த இறக்கைகளைக் கழற்றிப் புதியதைப் பூட்டிக்கொண்டிருந்தாள். சொன்னேன். முழுவதும் சொன்னேன்.

“பகிடி விடாதீங்க சேர்.”

பெட்டியை மேசையில் வைத்தேன். பார்த்தாள். எடுத்துப் புரட்டினாள். பிறகு குரல் உடைந்தது.

“எந்தப் பட்டன அமத்தினன், எந்தப் பட்டன அமத்தாம விட்டன் எண்டு யோசிச்சு யோசிச்சு நான் நித்திர கொள்ளல்ல சேர். எனக்கு மூள சரியில்லையோ எண்டும் நினைச்சன். நீங்க அங்கதானே இருந்தீங்க?”

“ஓம்.”

“எனக்கிட்டச் சொல்லி என்ன பிரயோசனம்? அங்க வந்து சொல்லுங்க.”

வட்டவிதானையார் அன்றே வாசிகசாலையில் ஆட்களைக் கூட்டினார். நான் எழுந்து நின்று, படிப்பிக்கும் குரலில் இல்லாமல், சாதாரணமாகச் சொன்னேன். என் மகளை ஏமாற்ற ஒரு பெட்டி வாங்கினேன். அது ட்ரோனின் காதை அடைத்தது. பிழை இந்தப் பிள்ளையுடையது அல்ல, என்னுடையது.

என்ன நடந்தது என்கிறீர்கள்? ஒருவரும் நம்பவில்லை!

“சேர் நல்ல மனிசன். புள்ளட முகத்தப் பாத்து இரக்கப்பட்டு, தன்ட தலையில போடுறார்.”

“படிச்ச ஆளெல்லோ, அப்பிடிச் செய்வாரா?”

தம்பிராசாகூட என் கையைப் பிடித்து இழுத்தான். “இரு மச்சான், நெஞ்சு நோய்க்காரன் நீ.”

இத்தனை வருடம் சேர்த்த நல்ல பெயர் அன்று செய்த வேலையைப் பார்த்தீர்களா? நான் கத்துகிறேன், ஒருவருக்கும் கேட்கவில்லை. என் பெயரே எனக்கு ஜாமர்!

தர்சிகாதான் எழுந்தாள். ட்ரோனைத் தூக்கிவந்து வெளியில் முற்றத்தில் வைத்தாள், பறக்கவிடாமல். ரிமோட்டை வட்டவிதானையாரின் கையில் கொடுத்தாள். திரையில் சட்டலைட்கள் ஒவ்வொன்றாகச் சேர்ந்தன.

“இப்ப ஓன் பண்ணுங்க சேர்.”

கடைசி முறையாக ஓன் பண்ணினேன். வட்டவிதானையார் திரையை முகத்துக்குக் கிட்டப் பிடித்தார். தொகை இறங்கிக்கொண்டே போனது. பூச்சியம். நிற்பாட்டினேன். கொஞ்சம் பொறுத்து, ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. அவர் ரிமோட்டைப் பக்கத்து ஆளிடம் கொடுத்தார். அவர் அடுத்தவரிடம். சந்தைக் கதை சொன்னவரின் கைக்கு வந்தபோது அவர் திரையைவிட என்னைத்தான் அதிகம் பார்த்தார்.

பூமணிதான் வாயைத் திறந்தாள். “ஏன் சேர், இவ்வளவு படிச்சது சீட்டு விளையாடப் போறத்துக்குக் களவு செய்யவா?”

கூட்டம் வெடித்துச் சிரித்தது. அந்தச் சிரிப்பு எனக்கு வேண்டியிருந்தது. இம்முறை அது சரியான ஆளுக்கு வந்தது.

யாரோ ஒரு மண்வெட்டியை நீட்டினார்கள். அதன் பின்பக்கத்தால் தர்சிகா பெட்டியை உடைத்தாள். ஒரே அடியில் உடைந்துவிட்டது. அவள் நிறுத்தவில்லை.

பூமணியின் பயற்றைக்கும் ட்ரோனின் இறக்கைகளுக்கும் ஈடு செய்தேன். அது இலகுவான பகுதி. கஷ்டமான போன் அன்று பின்னேரம் வந்தது. துஷியிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

“பிடிக்கிறத்துக்கு இல்லப்பா நான் பாக்கிறது. விழுந்தா ஆரு தூக்குறது எண்டுதான்.”

“தெரியும் மகள்.”



“சரி... சீட்டுல ஆரு வெல்லுறது?”

இப்போது பாலத்தில் மணி அடிப்பதில்லை. எல்லையை மருத மரம் வரை தள்ளிப் போட்டுவிட்டாள். போகும்போது தம்பிராசாவின் பேரன் முறையான ஒரு பையன் கூடவே காரில் வருகிறான், அது அவளுடைய நிபந்தனை. நான் ஸ்டியரிங் பிடிக்கலாம், அவன் பக்கத்தில் இருக்க வேண்டும். மிடுக்கு கொஞ்சம் குறைவுதான். பரவாயில்லை.

தர்சிகாவை முதலில் திரும்பக் கூப்பிட்டது யார் தெரியுமா? பூமணி. தன் துண்டு வயலுக்கு. மற்றவர்கள் பின்னால் வந்தார்கள். அவள் என்னை மன்னித்தாளா என்று நான் கேட்கவில்லை. ஆனால் பறக்கவிடும்போது தூர வரம்பில் நின்று பார்த்துச் சொல்ல ஒரு ஆள் வேண்டுமாம். அந்த வேலையை எனக்குத் தந்திருக்கிறாள். தொப்பி போட்டுக்கொண்டு, கச்சானில் சட்டை படபடக்க நிற்கிறேன். சீட்டு அதற்குப் பிறகுதான்.

ஒவ்வொரு முறையும் ட்ரோனைக் கிளப்புமுன் அவள் என்னிடம் வந்து நிற்பாள். வட்டையே பார்த்துக்கொண்டிருக்கும்.

“சேர், பொக்கட்டக் காட்டுங்க.”

போன வெள்ளியும் இரண்டு பொக்கட்டையும் வெளியே இழுத்துக் காட்டினேன். ஒன்றுமில்லை — இவ்வளவு பாரமில்லாத சட்டையை நான் அண்மையில் போட்டதில்லை.