பிராந்தி இருந்த இடத்தில் சாராயம்

வீரய்யா வாழ்நாளில் ஒரு சொட்டு குடித்ததில்லை. ஆனால் இலங்கை மலைநாட்டு ஊரான எல்லவில் ஒரு ஓட்டல் பாரில் இருபத்திரண்டு வருடமாக மற்றவர்களுக்கு ஊற்றிக் கொடுக்கிறார். ஹாலிஎலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டது. போத்தல் லேபிள்களை எழுத்துக்கூட்டி வாசித்தும், வருகிறவர்களிடம் கேட்டும்தான் தொழிலைக் கற்றார்.

விஸ்கியை முதலில் வடித்தது நாங்கள்தான் என்று ஒரு ஸ்கொட்லாந்துக்காரரும் ஒரு அயர்லாந்துக்காரரும் அவர் முன்னாலேயே சண்டை பிடித்திருக்கிறார்கள். வொட்காவுக்கு ரஷ்யாவும் போலந்தும் அப்படித்தான். ஜின்னின் பூர்வீகம் ஒல்லாந்து. டெக்கீலா, மெக்சிகோவில் கற்றாழை போன்ற ஒரு செடியிலிருந்து வருகிறது. ரம், கரிபியன் தீவுகளின் கரும்புப்பாகு. “கரும்பு நம்ம மொனராகலையிலயும்தான் இருக்கு” என்று அதோடு சேர்த்துக்கொள்வார். கண்ணை மூடிக்கொண்டு மோந்து பார்த்தே எது என்ன என்று சொல்லிவிடுவார்.

போன வருடம் ஜெயகுமார் வந்து சேர்ந்தான். அதே தோட்டம்தான், கீழ் லயம். துபாய் ஓட்டலில் ஐந்து வருடம் இருந்துவிட்டு வந்தவன், இருபத்தெட்டு வயது. இங்கிலீஷ் தண்ணீர் மாதிரி ஓடியது. சனிக்கிழமை மாலைகளில் விருந்தாளிகளுக்கு ஆறு வகையை ஆறு கிளாஸில் ஊற்றி, ஒவ்வொன்றும் பிறந்த கதையைச் சொல்லும் நிகழ்ச்சி ஒன்றை மேனேஜர் தொடங்கினார். சொல்லும் வேலை ஜெயகுமாருக்கு. கிளாஸ் கழுவி அடுக்கும் வேலை வீரய்யாவுக்கு.

தனக்குத் தெரிந்த அதே கதைகளை வேறொருவன் வாயால் கேட்டபோது அவருக்கு வயிறு எரிந்தது. விருந்தாளிகள் சிரிக்கும்போதெல்லாம் தன்னைப் பார்த்துச் சிரிப்பது போலிருந்தது. வீட்டில் தட்டைப் பாதியிலேயே தள்ளி வைத்தார்.

“அந்தப் பொடியன் வந்ததுலேர்ந்து நீங்க சரியா சாப்பிடுறதே இல்ல” என்றாள் மனைவி விஜயலெட்சுமி. “அவன் உங்க சோத்தையா புடுங்குனான்?”

“ஒனக்கு ஒண்ணும் தெரியாது. பேசாம இரு.”

தை மாதத்து ஒரு சனிக்கிழமை. ஜெயகுமார் விருந்தாளிகளை அழைத்து வரப் போயிருந்த நேரத்தில், பிரான்ஸ் பிராந்தி இருந்த கிளாஸையும் தென்னஞ்சாராயம் இருந்த கிளாஸையும் வீரய்யா இடம் மாற்றி வைத்தார். மரப்பீப்பாயில் கிடந்த சாராயமும் பிராந்தியைப் போலவே பொன்னிறம்தான். பார்வைக்கு வித்தியாசம் தெரியாது.

ஜெயகுமார் வழக்கம்போல மோந்து பார்க்காமலே எடுத்தான். “இது பிரான்ஸ் நாட்டுத் திராட்சை...” என்று அவன் தொடங்க, ஒரு பிரெஞ்சுப் பெண் வாங்கி மோந்துவிட்டு மெதுவாகத் தலையசைத்தாள். அது திராட்சை இல்லை என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். ஜெயகுமாரின் முகம் சிவந்தது. கிளாஸை மோந்தான். ஒரு கணம் வீரய்யாவைத் திரும்பிப் பார்த்தான்.

“மன்னிக்கணும், நான்தான் மாத்தி வச்சிட்டேன்” என்று இங்கிலீஷில் சொல்லிச் சமாளித்தான்.

விஷயம் காதுக்கு எட்டியதும், அடுத்த சனிக்கிழமை வீரய்யாவே பேசட்டும் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். கேட்ட வரம் கிடைத்தது. புதுச் சட்டை போட்டுக்கொண்டு மேசை முன்னால் நின்றார். விஸ்கியில் நாக்கு தடுமாறியது, வொட்காவில் வார்த்தை வரவில்லை. சாராயத்துக்கு வந்ததும் தென்னை உச்சிகளுக்கிடையே கட்டிய கயிற்றில் மரத்துக்கு மரம் நடந்து கள் இறக்குவதைக் கையாலேயே செய்து காட்டினார். அதற்குக் கைதட்டல் கிடைத்தது. முதலில் தட்டியது, கதவோரம் நின்ற ஜெயகுமார்.

கிளாஸ் கழுவும் இடத்தில் வீரய்யா அவனை மடக்கினார்.

“எதுக்குடா தட்டுன?”

“நல்லா இருந்துச்சு மாமா, தட்டுனேன். கயித்துல நடக்கிறதெல்லாம் எனக்குச் சொல்ல வராது.”

“அன்னைக்கு... அந்தக் கிளாஸ்...”

“தெரியும். மோந்து பார்த்ததுமே தெரிஞ்சிருச்சு. நான் வச்ச இடம் எனக்குத் தெரியாதா?”

“அப்புறம் ஏன் மேனேஜர்கிட்ட சொல்லல?”

“சொன்னா ஒங்க வேலை போயிருக்கும். அத்தையை நான் எந்த மூஞ்சியோட பார்ப்பேன்?”

அவன் ஏசியிருந்தால்கூட வீரய்யா தாங்கியிருப்பார். இங்கிலீஷுக்கும் துபாய்க்கும் பொறாமைப்பட்டவர், இப்போது அவனுடைய மனசுக்கும் பொறாமைப்பட வேண்டியதாயிற்று. தான் அவன் இடத்தில் இருந்திருந்தால் அன்றைக்கே காட்டிக் கொடுத்திருப்பார் என்பது அவருக்கு நன்றாகத் தெரிந்தது.

மறுநாள் காலை மேனேஜரிடம் போய் நடந்ததைத் தானே சொன்னார். ஒரு எச்சரிக்கைக் கடிதம் கிடைத்தது. சனிக்கிழமை நிகழ்ச்சி மீண்டும் ஜெயகுமாருக்குப் போனது. சாராயத்தின் கதையை மட்டும் மாமாதான் சொல்ல வேண்டும் என்று அவன் கேட்டு வாங்கிக் கொடுத்தான்.

பொறாமை போய்விட்டதா என்றால், இல்லை. சென்ற வாரம் ஜெயகுமார் சொன்ன டெக்கீலா கதைக்கு அறையே அதிரச் சிரித்தார்கள். வீரய்யா கையிலிருந்த துணியை முறுக்கிக்கொண்டு நின்றார். அவன் ஐஸ் தீர்ந்துவிட்டதென்று சைகை காட்டினான். துணியைத் தோளில் போட்டுக்கொண்டு, ஐஸ் எடுத்துப் போய் அவன் பக்கத்தில் வைத்தார்.