சனாவுல்லா மாமா பார்த்த கருப்பு

பேகம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பில் தோல்களைத் தரம் பிரிப்பவர் சனாவுல்லா மாமா. ஒவ்வொரு தோலையும் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடிப்பார். வயிற்றுப் பக்கம் கறை தெரிந்தால் கழிசல் குவியலுக்குப் போகும். அவர் வீசியதை முதலாளிகூடத் திருப்பி எடுத்ததில்லை.

எண்பத்தாறாம் வருஷம் மதுரையில் அவர் கழுத்துத் தைராய்டுக் கட்டியை அறுத்தெடுத்தார்கள். புற்றுநோய். மிச்சம் இருக்கிறதா என்று பார்க்க, கதிர்வீச்சுள்ள அயோடினைக் குடிக்கக் கொடுத்து ஸ்கேன் எடுத்தார்கள். துணைக்குப் போனது நான், அவர் அக்கா மகன்.

டாக்டர் வருவதற்குள் மாமா மேஜையில் கிடந்த படத்தை எடுத்து ஜன்னலுக்கு நேரே பிடித்துவிட்டார். கழுத்தில் ஒரு பொட்டு. வயிற்றில் உள்ளங்கை அகலத்துக்குக் கருப்பு.

"பரவிருச்சு" என்றார். ஷாப்பில் பேசும் அதே குரல்.

டாக்டர் பொறுமையாகத்தான் சொன்னார். "யாரு வயிறா இருந்தாலும் அந்த மருந்தை இழுத்துக்கிரும் பாய். என்னையப் படம் எடுத்தாலும் அங்க கருப்பாத்தான் தெரியும். கழுத்துல இருக்குற பொட்டுதான் மிச்சம். அடுத்த மாசம் வாங்க, இதே மருந்தைக் கூடுதலாக் குடுத்து அழிச்சிரலாம்."

மாமா தலையாட்டினார். பஸ் வாடிப்பட்டி தாண்டியதும் என் பக்கம் திரும்பினார்.

"டாக்டர்ட்ட நீ எதுவும் சொல்லி வச்சியா?"

"சத்தியமா இல்ல மாமா."

"சின்னக் கருப்பு நோயாம், பெரிய கருப்பு ஒண்ணுமில்லையாம். என்னலே பேச்சு இது?"

வீட்டில் ரஹ்மத் மாமி அழுதே பார்த்தார். "டாக்டரு சொல்றாருல்ல, ஒரு எட்டு போய்ட்டு வாங்களேன்."

"ஓட்டை விழுந்த தோலுக்குச் சாயமாடி பூசுவாக?"

நானும் போய் எடுத்துச் சொன்னேன். "ஏலே, உன்னது புஸ்தகம் பாக்குற கண்ணு, அப்பு" என்று சிரித்தார்.

மதுரைக்குப் போகவேண்டிய நாளில் தூக்குவாளியோடு ஷாப்புக்குப் போய்விட்டார்.

மறு வருஷம் ரம்ஜான் கழிந்து ஒரு மத்தியானம் என்னைக் கூப்பிட்டனுப்பினார். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், இடது கையால் என் விரலைப் பிடித்துத் தொண்டையில் வைத்தார். தழும்புக்குப் பக்கத்தில் கல்போல ஒன்று உருண்டது.

"பாத்தியா? வயித்துல இருந்து ஏறி வந்துருச்சு. அன்னைக்கே சொன்னேன்ல?"

அந்தக் குரலில், தரம் பிரித்தது தப்பவில்லை என்ற நிறைவு இருந்தது. நான் விரலை எடுத்துக்கொண்டேன். மாமி சோற்றில் இன்னொரு கரண்டி ஆணம் ஊற்றினார். மாமா தட்டை வழித்துச் சாப்பிட்டு, இன்னும் கொஞ்சம் சோறு கேட்டார்.